குலசிங்கத்தின் இடது காலோடு சில நாட்கள்

அணி மேலாளரின் தந்தி வழக்கம்போல் சிக்கனமாக இருந்தது. கணவருக்குக் கால், உடனே வரவும். காலுக்கு என்ன ஆயிற்று என்று எழுத அவருக்கு மனம் வரவில்லை. எனக்கும் அது தேவைப்படவில்லை. எந்தக் கால் என்பதுகூட எனக்குத் தெரியும். நான் படிப்பித்துக்கொண்டிருந்த கொழும்புப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு, இரண்டு சேலையும் ஒரு போத்தல் நல்லெண்ணெயும் எடுத்துக்கொண்டு மதராசுக்குப் புறப்பட்டேன். எழுபதுகளின் தொடக்கம் அது. ஆளைக் கூட்டிக்கொண்டு அடுத்த நாளே திரும்பிவிடுவது என் திட்டம்.

என் கணவர் குலசிங்கம் சிலோன் அணியின் வேகப்பந்து வீச்சாளர். எங்கள் நாட்டுக்கு டெஸ்ட் ஆடும் உரிமை கிடைக்காத காலம். ஆஸ்திரேலியாவுக்குப் போகிற இங்கிலாந்துக்காரர்கள் கப்பல் கொழும்பில் நிற்கும்போது இறங்கி ஒரு நாள் ஆடினால் அது எங்களுக்குச் சர்வதேச ஆட்டம். அப்படி ஒரு கப்பல் வந்த காலையில் இவருக்கு விலா எலும்பு பிடித்துக்கொண்டது. அடுத்த கப்பலுக்குத் தோள். இந்திய அணி வந்தபோது முதல் மூன்று பேரையும் வெளியேற்றிவிட்டு, தொடையைப் பிடித்துக்கொண்டு தானும் வெளியேறினார். பாகிஸ்தானுக்குப் போய்க் குதிகாலோடு திரும்பினார். இவர் ஆடிய ஆட்டங்களைவிட, வெள்ளைக் காற்சட்டை போட்டுக்கொண்டு பெவிலியனில் உட்கார்ந்திருந்த ஆட்டங்கள்தான் கூடுதல்.

தேர்வாளர்களுக்கு இவரைப் பிடிக்கும். ஆள் அருமையானவன், உடம்புதான் சரியில்லை என்பார்கள். அது எங்கள் வீட்டுச் சாய்வு நாற்காலியைப் பற்றி என் மாமியார் சொல்வதும்கூட.

அந்த வருடம் இங்கிலாந்துப் பயணம் பேச்சில் இருந்தது. முழுக் கோடைகாலமும் அங்கே ஆடலாம். பங்குனி நடுவில் கொழும்பில் தேர்வு ஆட்டம். இவருக்கு முப்பது தாண்டிவிட்டது. இதை விட்டால் இன்னொன்று இல்லை என்று யாரும் இவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தூக்கத்தில்கூட வலது கையின் இரண்டு விரல்கள் பந்தைப் பிடித்தபடி விறைத்திருப்பதைப் பல காலைகளில் பார்த்திருக்கிறேன்.

திருவல்லிக்கேணி விடுதி அறையில் இவர் முழங்கால்வரை மாவுக் கட்டோடு படுத்திருந்தார். பாதத்தின் வெளிப்பக்கத்து எலும்பு ஒடிந்திருந்தது. மதராஸ் அணியோடு நடந்த ஆட்டத்தின் நடுவில், ஓடிவந்து பந்தை விட்ட நொடியில் சத்தம் கேட்டதாம். அணி முந்தின நாளே ஊர் திரும்பிவிட்டது. வைத்தியர் நல்ல மனிதர். பங்குனி முடியும்வரை கட்டைத் தொடவே கூடாது என்று சொல்லியிருந்தார்.

"பங்குனி முடிய எண்டால் எல்லாம் முடிஞ்சுது, பவளம்" என்றார் இவர். பிறகு குரலைத் தணித்து, "கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில ஒருத்தர் எலும்பு கட்டுறாராம். புத்தூர்க் கட்டு. மைதானத்தில புல்லு வெட்டுற மனிசன் சொன்னார்" என்றார். அறை மூலையில் இவருடைய பை ஏற்கெனவே கட்டித் தயாராக இருந்தது. நான் வந்தது கூட்டிப் போக. இவர் காத்திருந்தது பை தூக்க ஒரு ஆளுக்காக.

மறுநாள் காலை வடக்கே போகும் பேருந்தில் ஏறினோம். இவர் ஏறிவிட்டார், கால் ஏறவில்லை. மாவுக் கட்டுக் கால் மடங்காது. இருக்கையில் உட்கார்ந்தால் அது நடைபாதையைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றது. எதிரே கத்தரிக்காய்க் கூடையோடு ஒரு மீன்காரப் பெண் உட்கார்ந்திருந்தாள். மீனை விற்றுவிட்டுக் காய் வாங்கிக்கொண்டு போகிறாள். கூடையைக் கவிழாதபடி நகர்த்தி, இவர் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"குந்துங்க சார், பரவால்ல. என் ஊட்டுக்காரனும் இப்டித்தான் காலு ஒட்ச்சிக்கினு கெடந்தான்" என்றாள்.

நடத்துநர் வந்து காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னா சார், நீ ஒரு சீட்டு, உன் காலு ஒரு சீட்டா?" என்று கேட்டுவிட்டுத் தாண்டிப் போனார். அதற்குப் பிறகு ஏறினவர்கள் எல்லோரும் அந்தக் காலைத் தாண்டித் தாண்டித்தான் போனார்கள். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. கொழும்புப் பேருந்தாக இருந்தால் மூன்று மொழிகளில் வாங்கிக் கட்டியிருப்போம்.

சோழவரத்தில் பேருந்து கொதித்து நின்றது. ஓட்டுநர் ஏரிக்குத் தண்ணீர் எடுக்கப் போனார். சன்னலுக்கு வெளியே நீளமான சிமெண்டு ஓடுபாதை. யுத்த காலத்தில் விமானங்கள் இறங்கிய இடமாம். அதன் மேல் கண்ணுக்கெட்டிய தூரம் நெல் காய்ந்துகொண்டிருந்தது. பெண்கள் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டு நடந்தார்கள்.

"அது காரு ரேசு உட்ற எடம் சார். அது இல்லாத நாளுக்கு நெல்லு காயும்" என்றாள் மீன்காரப் பெண்.

இவர் எழுந்து சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தச் சமதளத்தைப் பார்த்தார். பெண் பார்க்க வந்த அன்று என்னைக்கூட அவ்வளவு ஆசையாகப் பார்க்கவில்லை. "எவ்வளவு வடிவான தரை" என்றார். எனக்கு விளங்கிவிட்டது. ஓடுவதற்கு இடம் பார்த்தாயிற்று. இனிக் காலைச் சரிபண்ணுவது ஒன்றுதான் பாக்கி.

எலும்பு கட்டுகிறவர் இருந்தது கும்மிடிப்பூண்டியைத் தாண்டி, ஆந்திர எல்லைக்குச் சற்று இப்பால் ஒரு சின்ன ஊரில். பெயர் வெங்கட்ராஜு. ஊருக்கே அவர் ராஜு நைனா. இந்தப் பக்கத்தில் நைனா என்றால் அப்பா. பிரியமாக யாரையும் அப்படிக் கூப்பிடலாம், அவரும் எல்லோரையும் அப்படியே கூப்பிட்டார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான மனிதர். கொட்டகையில் ஒரு டிரான்சிஸ்டர் ஓயாமல் தெலுங்குப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. பாட்டு அவருக்குப் பிடித்ததாக இருந்தால் வலிக்கிற இடத்தை அந்தச் சமயம் பார்த்து அழுத்துவார் என்று நோயாளிகள் சொன்னார்கள்.

மாவுக் கட்டை வாளித் தண்ணீரில் ஊறவைத்து வெட்டி எடுத்தார்கள். உள்ளே இருந்து வெளிவந்த கால் வெளுத்து, வீங்கி, யாரோ ஒருவருடைய கால் மாதிரி இருந்தது. ராஜு நைனா கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினார்.

"எப்டி ஒடஞ்சுது நைனா?"

"ஓடேக்க பிசகிட்டுது" என்றார் இவர்.

"இன்னா வேல செய்ற?"

"தேயிலைக் கம்பனியில எழுத்து வேலை."

"குந்திக்கினு செய்ற வேலையா, நின்னுகினு செய்ற வேலையா?"

"இருந்துகொண்டுதான்."

ராஜு நைனா தலையாட்டினார். முட்டையின் வெள்ளைக்கருவில் பச்சிலையை அரைத்துக் குழைத்துப் பூசி, துணி சுற்றி, மூங்கில் பட்டை வைத்துக் கட்டினார். "மூணு கட்டு, வாரத்துக்கு ஒண்ணு. மூணாவது அவுத்ததும் நடந்து போய்க்கினே இரு" என்றார். இவர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியாது.

இவர் பொய் சொல்லவில்லை. எங்கள் நாட்டில் கிரிக்கெட்டுக்குச் சம்பளம் கிடையாது. நாட்டுக்கு ஆடப் போகிறவர் கம்பனியில் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். எங்களுக்குக் கலியாணம் பேசியபோது, மாப்பிள்ளை சிலோனுக்குக் கிரிக்கெட் ஆடுகிறார் என்று தரகர் பெருமையாகச் சொல்ல, என் அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி, உத்தியோகம் என்ன?" என்றார். யாழ்ப்பாணத்து மாமனார்கள் எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். அதனால் என்ன வேலை என்று யார் கேட்டாலும் சிலோன் ஆட்டக்காரர் வாயில் வருவது அலுவலகத்தின் பெயர்தான்.

கன்னியம்மா என்ற விவசாயப் பெண்ணின் வீட்டில் ஒரு அறை கிடைத்தது. அறை என்றால் பாதி எங்களுக்கு, பாதி நெல் மூட்டைக்கு. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவள். முதல் நாளே என்னைத் தங்கச்சி ஆக்கிவிட்டாள். காலையில் வாசலுக்கு வந்து, "நாஷ்டா ஆச்சா?" என்பாள். ஆகவில்லை என்றால் கேழ்வரகுக் கூழும் மோர் மிளகாயும் வரும், ஆகிவிட்டது என்றாலும் வரும்.

எங்கள் பேச்சு அவளுக்குப் பெரிய வேடிக்கை. "நீங்க பேசறது புக்கு பட்ச்ச மாரி கீது. அது இன்னா, புருசன் பொண்டாட்டிய வாரும் போம்ன்றாரு?" என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் கணவன் மனைவியை நீர் என்று சொல்வது மரியாதை கலந்த பிரியம் என்றேன். அன்று மாலையே தன் கணவரிடம் போய், இனிமேல் என்னையும் அப்படிக் கூப்பிடு என்று சொல்லியிருக்கிறாள். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாராம்.

சாப்பாட்டில்தான் இவர் பாடு பேஜாராகிவிட்டது. அந்த ஊர்ச் சொல் அது. இதற்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. கட்டு இருக்கும்வரை புளி, கத்தரிக்காய், கருவாடு, இறால் ஒன்றும் ஆகாது. பழவேற்காட்டு ஏரி இறால் தினமும் சைக்கிளில் வந்து வாசலில் நிற்கும். எங்கள் ஊரில் தேங்காய்ப்பால் விட்டுச் சொதியாக வைப்போம். இங்கே மிளகாயைத் தாராளமாக அரைத்துப் போட்டுத் தொக்காக்கி விடுகிறார்கள். நான் அதைச் சாப்பிட, இவர் எதிரில் உட்கார்ந்து பாசிப்பருப்பும் சோறும் சாப்பிடுவார். மனம் கொஞ்சம் உறுத்தியது. இறால் நன்றாக இருந்தது.

லீவை நீட்டித் தந்தி கொடுத்தேன். இரண்டாவது கட்டும் ஆயிற்று. கட்டுப் போடும் நாட்களில் கொட்டகைப் பெஞ்சில் இவருக்குப் பக்கத்தில் எப்போதும் ஏழுமலை என்பவர் உட்கார்ந்திருப்பார். பனை ஏறுகிற தொழில். இவருக்கு ஒடிந்த அதே இடத்தில் அவருக்கும் ஒடிவு, அதே இடது கால். இரண்டு பேரும் காலை அடுத்தடுத்து நீட்டி வைத்து, எந்தக் கால் வீக்கம் வற்றுகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இவருக்கு அதிலும் போட்டிதான். தன் கால் முந்துகிறது என்று அறைக்கு வந்து என்னிடம் சொல்வார்.

தேயிலைக் கம்பனிக்காரர் என்பதால் ஏழுமலைக்கு இவரிடம் கேட்க நிறைய இருந்தது. தேயிலை மரம் எவ்வளவு உயரம், அதில் ஏற ஆள் வேண்டுமா என்று கேட்டார். இடுப்பளவு செடி என்று இவர் சொன்னதும் ஏழுமலைக்கு எங்கள் நாட்டின் மேல் இருந்த மதிப்புக் குறைந்துவிட்டது.

மூன்றாவது கட்டு அவிழ்க்கப்பட்ட நாளை நான் மறக்க மாட்டேன். இவர் எழுந்து நின்றார். ஒரு அடி வைத்தார். அடுத்த அடி. கொட்டகையின் கோடிவரை போய்த் திரும்பி வந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மணமேடையில்கூட நான் அழவில்லை. ராஜு நைனா கையைத் துடைத்துக்கொண்டு, "அவ்ளோதான் நைனா. ஊருக்குப் போயி நாற்காலில குந்து" என்றார்.

இவர் சந்தோஷத்தில் கன்னியம்மாவின் வீட்டுக்கு என்னை விட்டுவிட்டே நடந்து போய்விட்டார். நான் மருந்துத் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அடுத்ததாக ஏழுமலையின் கட்டை அவிழ்த்தார்கள். பார்த்தார்கள். திரும்பவும் பச்சிலை பூசி, மூங்கில் வைத்துக் கட்டத் தொடங்கினார்கள்.

"அண்ணை, உங்களுக்கு இன்னும் சுகமாகேல்லையோ?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் கூடிப்போச்சும்மா. எனுக்கு ஆறு கட்டு. கடசீல மரத்துலருந்து குதிப்பேன் பாரு, மொத்த ஒடம்பும் இந்தக் காலு மேல வந்து உழும். நைனா ஆளோட வேலயப் பாத்துத்தான் கட்டுவாரு. ஆறும் அவுத்த பின்னாடியும் இந்த வருசம் மரம் ஏறக்கூடாதுன்னுட்டாரு. சாருக்கு இன்னா, குந்திக்கினு எழுதறவரு, மூணு போதும்."

துணி என் கையிலேயே இருந்தது. மொத்த உடம்பும் வந்து விழுகிற கால். அந்த ஊரில் அப்படி இன்னொரு கால் இருந்தது. அதன் சொந்தக்காரர் சீட்டியடித்துக்கொண்டு நடந்து போய்க்கொண்டிருந்தார்.

அறைக்குப் போனபோது இவர் பையைத் திறந்து சிவப்புப் பந்தை வெளியே எடுத்திருந்தார். துணியில் சுற்றி அதை இவ்வளவு தூரம் கொண்டுவந்தது எனக்குத் தெரியாது. காற்சட்டைத் தொடையில் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு முதல் பஸ்ஸில சோழவரம் போறம். அந்த ஓடுபாதையில நாலு ஓவர் போட்டுப் பார்க்க வேணும்" என்றார்.

நான் ஏழுமலை சொன்னதைச் சொன்னேன். மெதுவாக, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். பந்து தேய்வது நின்றது.

"இப்ப நைனாவிட்டப் போய்ச் சொன்னால் ஆறு கட்டு எண்டுவார். வருசம் முழுக்க ஓடக்கூடாது எண்டுவார்" என்றார். "அப்ப இங்கிலாந்து இல்லை. விளங்குதோ உமக்கு?"

"விளங்குது."

"அவர் நடக்கலாம் எண்டவர். நான் நடந்தனான். நீர் பாத்தனீர்தானே?"

"நடக்கிறதுக்குத்தான் கட்டினவர். நீங்கள் ஓடப் போறியள்."

இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஓடினால் கால் திரும்பவும் ஒடிந்து ஒரேயடியாகப் போய்விடுமோ என்று பயந்தேன். ஓடாவிட்டால் இந்த மனிதர் என்ன ஆவார் என்று அதைவிடப் பயந்தேன். "நீங்கள் சோழவரம் போறதெண்டால் நானும் வாறன். பையைத் தூக்கிறன். சொல்லாமல் இருக்க எனக்கு ஏலாது, அதுதான் சொன்னன்" என்றேன்.  அன்று மாலை கன்னியம்மா இறால் கொண்டுவந்து வைத்தாள். தொட மனம் வரவில்லை.

காலையில் இவர் எனக்கு முன்னால் எழுந்து தயாராகிவிட்டார். பந்து காற்சட்டைப் பையில் புடைத்துக்கொண்டிருந்தது. தெருவில் இறங்கினோம். வலப்பக்கம் திரும்பினால் பேருந்து நிற்கும் இடம். இவர் கொஞ்சம் நின்றார். பிறகு இடப்பக்கம், ராஜு நைனாவின் கொட்டகைப் பக்கம் திரும்பினார். நானும் பின்னால் நடந்தேன்.

"இன்னா நைனா, ஊருக்குப் போவலியா?" என்றார் ராஜு நைனா.

"நான் வேலை மாத்திச் சொல்லிப்போட்டன்" என்றார் இவர். "எழுத்து வேலைதான். ஆனால் பந்து போடுறனான். ஓடிவந்து, வேகமாய். நாட்டுக்காக."

"அதுக்குக் கூலி குட்ப்பாங்களா?"

"இல்லை."

"கூலியில்லாமயா காலு ஒடியறவரைக்கும் ஓடன?" என்றார் ராஜு நைனா. பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இவரும் கொஞ்சம் சிரித்தார்.

"அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? சரி, எப்டி ஓடுவ, எப்டி உழுவ, செஞ்சி காட்டு. பாத்தாத்தான் கட்டுவேன்." சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். "காட்றதுக்குக் காலு வோணுமே. நீ ஓடாத, ஓடாத."

எல்லோரும் யோசித்தார்கள். இவர் வாயால் விளக்கப் பார்த்தார். வலது கை, இடது கால், கோடு, குச்சி என்று சொல்லச் சொல்ல ராஜு நைனாவின் முகம் குழம்பிக்கொண்டே போனது.

"நான் காட்டுறன்" என்றேன்.

யார் சொன்னது என்று நானே திரும்பிப் பார்த்திருப்பேன். கலியாணம் நிச்சயமான நாளிலிருந்தே மைதானங்களில் பெண்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இவரைப் பார்த்திருக்கிறேன். எத்தனை விக்கெட் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மற்றவர்கள் பந்தைப் பார்க்க, நான் இவரைத்தான் பார்த்தேன்.

கொட்டகைக்குப் பின்னால் நெல் காயும் களம். கன்னியம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் நெல்லைக் காலால் ஒதுக்கி நடுவில் ஒரு பாதை விட்டார்கள். கட்டுக் காலோடு வந்தவர்களும் கட்டுக் கையோடு வந்தவர்களும் களத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரோ டிரான்சிஸ்டரை நிறுத்தினார்கள். நான் செருப்பைக் கழற்றி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன்.

"ஓடு தங்கச்சி" என்றாள் கன்னியம்மா, சிரிப்பை முந்தானையால் மறைத்துக்கொண்டு.

இவர் எப்படித் தொடங்குவார் என்பது எனக்கு மனப்பாடம். பாதையின் கோடிக்குப் போய், பெருவிரலால் மண்ணில் ஒரு கீறல் போட்டேன். உள்ளங்கையை இடுப்பில் துடைத்தேன். கழுத்தை ஒரு தரம் வலப்பக்கம் சொடுக்கினேன். முதலில் சின்னச் சின்ன அடி, பிறகு நீளம், பிறகு இன்னும் நீளம். ஓடி வந்து எகிறினேன். கை எங்கேயோ போனது. அதை யாரும் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள். இடது கால் மட்டும் இவருடைய கால் மாதிரியே வந்து விழுந்தது. விழுந்த இடத்தில் நெல் தெறித்தது.

சனம் சிரித்துக் கை தட்டியது. ராஜு நைனா சிரிக்கவில்லை. "இன்னொருவாட்டி" என்றார். ஓடினேன். குனிந்து என் காலைப் பார்த்துவிட்டு, "இன்னொருவாட்டி" என்றார். மூன்றாவது தரம் மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தபோது இவர் களத்துக்குள் வந்து நின்றுகொண்டிருந்தார்.

"பவளம், விழேக்க ஏன் முகத்தைச் சுழிச்சுக்கொண்டு அங்கால திருப்புறீர்? நெல்லுக் குத்துதோ?"

"இல்லை. நீங்கள் அப்பிடித்தான் திருப்புறனீங்கள்."

"நானோ? எப்ப?"

"கால் விழ முன்னம். ஒவ்வொரு பந்துக்கும். பல்லையும் கடிப்பியள்."

இவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. ஓடி வருகிற தன்னை இவர் பார்த்ததே கிடையாது. பத்திரிகைக்காரர்கள் எடுத்த படங்களில் எல்லாம் கை உயர்ந்து பந்து போகிற நொடிதான் இருக்கும்.

"கால் ஒடிஞ்ச பிறகோ?"

"கலியாணத்துக்கு முன்னமே."

 இவர் பாதையில் என் கால் விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தனை வருடமும் நோகவில்லை, ஒன்றுமில்லை என்றுதான் எனக்கும் தேர்வாளருக்கும் சொல்லி வந்தார். தனக்கும் அப்படியே சொல்லிக்கொண்டார் போலிருக்கிறது. நானும் சரி சரி என்று எண்ணெய் தேய்த்துவிட்டேன்.

ராஜு நைனா குந்தியிருந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார். "ம்மா, இது நொந்துகினு உழறது. இதப் பாத்து நான் கட்ட முடியாது. நோவாதப்ப உன் ஊட்டுக்காரரு எப்டி உழுவாரு, அத்தக் காட்டு. அந்த மாரி பாதத்த வெச்சிக் கட்றேன்."

நான் கீறலுக்குத் திரும்பிப் போனேன். உள்ளங்கையைத் துடைத்தேன், கழுத்தைச் சொடுக்கினேன், ஓடினேன். முகத்தைத் திருப்பக் கூடாது, பல்லைக் கடிக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். கால் விழப் போகும்போது முகம் தானாகத் திரும்பியது. மறுபடி போனேன். மறுபடியும் அப்படியே. இன்னொரு தரம் கீறலில் போய் நின்றேன், ஓடவில்லை. நோகாமல் விழுகிற குலசிங்கத்தை ஞாபகத்தில் தேடிப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியேல்லை" என்றேன். "நான் அப்பிடி ஒருநாளும் பாக்கேல்லை."

 கன்னியம்மா முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள்.

இவர் பந்தைப் பையிலிருந்து எடுத்து நெல்லின் மேல் வைத்தார். நடந்து போய் ஏழுமலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இடது காலை ராஜு நைனாவுக்கு முன்னால் நீட்டினார்.

"கட்டுங்கோ. ஆறோ அறுபதோ, எத்தினை வேணுமோ அத்தினையும் கட்டுங்கோ."

பிறகு என்னைப் பார்த்து, பெஞ்சில் தனக்குப் பக்கத்தில் இருந்த நெல் தூசியைக் கையால் தட்டிவிட்டார்.

"வந்து இரும், பவளம். உமக்குக் கால் நோகும்."